அங்கன்வாடி டீச்சருக்கு முதலில் வேண்டியது சம்பளமா, பயிற்சியா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எங்கள் தெரு அங்கன்வாடியில் சாப்பாடு ஒழுங்காகப் போடுகிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. டீச்சருக்குச் சம்பளத்தை உயர்த்தினால் சரியாகுமா, இல்லை நல்ல பயிற்சி கொடுத்தால் சரியாகுமா?"

இரண்டும் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். சொல்லித் தருவதற்கு அந்த டீச்சருக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது? இதைப் பார்க்காமல் சம்பளத்தை மட்டும் ஏற்றினாலும், பயிற்சியை மட்டும் கூட்டினாலும் உங்கள் தெரு மையத்தில் பெரிய மாற்றம் தெரியாது. இந்தத் துறைப் பயிற்சி வகுப்புகளைப் பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அவருடைய நாளைப் பாருங்கள். காலையில் மையத்தைத் திறந்து பெருக்கித் துடைக்க வேண்டும். உதவியாளர் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார், அதனால் வராத பிள்ளைகளை வீட்டுக்குப் போய்க் கூட்டி வருவது பல ஊர்களில் பணியாளர் தலையில்தான் விழும். வருகையை ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியான போஷன் டிராக்கரில் ஏற்ற வேண்டும். 2021ல் வந்த செயலி இது. சிக்னல் இல்லாத ஊரில் மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போய் நின்றுதான் ஏற்ற முடியும். மாதாமாதம் எடை, உயரம் பார்த்துப் பதிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சத்துமாவு கொடுக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அதற்கும் பயனாளியின் முகத்தைப் போனில் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பச்சிளங்குழந்தைகளைப் பார்ப்பது, தடுப்பூசி நாளில் செவிலியரோடு நிற்பது, அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கு எழுதுவது எல்லாம் இவர் வேலைதான். போதாக்குறைக்கு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலைக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களைப் போடுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்லி, பாட்டுப் பாடி, வண்ணமும் வடிவமும் எண்ணும் அறிமுகப்படுத்த வேண்டும். இது கடைசி இடத்துக்குத் தள்ளப்படுவதில் ஆச்சரியம் இல்லை. கணக்கு எழுதாவிட்டால் மெமோ வரும், கதை சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த நிலைமை வந்த கதையும் முக்கியம். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ல் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஊரிலுள்ள ஒரு பெண் பகுதி நேரமாகச் செய்யும் சமூகத் தொண்டு என்றுதான் அப்போது நினைத்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 150 ரூபாய், முடிக்காதவருக்கு 100 ரூபாய். தமிழ்நாட்டில் 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தபோது பள்ளி செல்லாத சின்னப் பிள்ளைகளுக்கான மையங்கள் ஊர் ஊராகப் பெருகின. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன, சின்னக் குடியிருப்புகளுக்கான குறு மையங்களையும் சேர்த்து. வேலை முழு நேரமாகி நாற்பது வருடம் ஆகிவிட்டது. ஆனால் டெல்லியின் கணக்கில் அவர் இன்னும் தொண்டர்தான், வாங்குவது சம்பளம் அல்ல, தொண்டுக்கான மதிப்பூதியம்தான்.

அந்த மதிப்பூதியம் எப்படி ஏறியது என்று பாருங்கள். 1992ல் பத்தாவது படித்தவருக்கு 400 ரூபாய், 2002ல் 1,000, 2008ல் 1,500, 2011ல் 3,000. 2018 அக்டோபரில் 4,500 ஆனது, உதவியாளருக்கு 2,250. 2025 வரை அந்த எண் நகரவில்லை. அந்த 4,500லும் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, அதாவது 2,700 ரூபாய். மீதியும் அதற்கு மேல் கொடுப்பதும் மாநிலத்தின் பாடு. அதனால்தான் இந்தியாவில் ஒரே வேலைக்கு மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சம்பளம். ஆந்திராவில் 2023 டிசம்பர் 12ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 42 நாள் நடந்தது. வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தையே அரசு அவர்கள் மீது ஏவியது. ஊதியம் என்று வரும்போது தொண்டர், வேலைநிறுத்தம் என்று வரும்போது அத்தியாவசியப் பணியாளர்!

தமிழ்நாட்டு நிலைமை இதைவிட மேல், அதை மறுக்க முடியாது. இங்கே சிறப்பு காலமுறை ஊதியம், அதாவது ஆண்டுக்காண்டு ஏறும் ஊதிய அளவு, உண்டு. பணியாளருக்கு மாதம் 7,700 – 24,200 ரூபாய், குறு மையப் பணியாளருக்கு 5,700 – 18,000, உதவியாளருக்கு 4,100 – 12,500. இதோடு அகவிலைப்படி சேரும், ஆண்டு ஊதிய உயர்வும் உண்டு. 2025ல் 7,783 இடங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தபோது, புதிதாகச் சேருபவருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியம் (படிகள் இல்லாத ஒரே தொகை), அதன் பிறகு இந்தக் காலமுறை ஊதியம் என்று வைத்தார்கள். ஆனால் இதே அரசில் அலுவலக உதவியாளரின் அடிப்படை ஊதியம் 15,700ல் தொடங்குகிறது. இடைநிலை ஆசிரியருக்கு 20,600. கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு எடுத்துப் போகும் வேலையில் பாதி மதிப்புதான், மூன்று வயதுப் பிள்ளையின் மூளை வளரும் நேரத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேலைக்கு. அலுவலக உதவியாளருக்கு அதிகம் என்று நான் சொல்லவில்லை, இவருக்குக் குறைவு என்கிறேன்.

ஓய்வு பெறும்போது இந்த இடைவெளி இன்னும் விரியும். இவர்களுக்கான சிறப்பு ஓய்வூதியம் பல ஆண்டுகள் மாதம் 2,000 ரூபாய் என்ற அளவிலேயே கிடந்தது. முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவருக்கு அதில் மருந்துச் செலவு போக என்ன மிஞ்சும்?

சட்டமும் இவர்களை ஒரே மாதிரி பார்க்கவில்லை. 2006ல் அமீர்பீ வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு தீர்ப்பைக் காட்டியே மாநிலங்கள் பல வருடம் தப்பித்தன. 2022 ஏப்ரலில் குஜராத்தைச் சேர்ந்த மணிபென் வழக்கில் அதே நீதிமன்றம், வேலையை விடும்போது மொத்தமாக ஒரு தொகை கொடுக்கச் சொல்லும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தும் என்றது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த மையங்கள் சட்டப்படியான கடமையைச் செய்கின்றன, இதைப் பகுதி நேர வேலை என்று சொல்லவே முடியாது என்பது அதன் பார்வை. 2024ல் குஜராத் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், இவர்களை நிரந்தர அரசு ஊழியர்களுக்கு இணையாக நடத்தச் சொன்னது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013லேயே, அரசுத் திட்டங்களில் இப்படி மதிப்பூதியத்துக்கு வேலை செய்பவர்களைத் தொழிலாளர்களாக ஏற்கும்படி பரிந்துரைத்திருந்தது. அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

சரி, நாளையே சம்பளத்தை இரட்டிப்பாக்கினால் பிள்ளைகள் நன்றாகக் கற்பார்களா? தொழிற்சங்க நண்பர்களுக்குப் பிடிக்காத பதில்தான்: அதனால் மட்டும் ஆகாது. இந்தோனேசியாவில் 2005ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சான்றிதழ் பெற்ற பள்ளி ஆசிரியர்களின் அடிப்படை ஊதியத்தை இரட்டிப்பாக்கினார்கள். பின்னர் அதை முறையாக ஆராய்ந்தபோது ஆசிரியர்களின் மனநிறைவு கூடியிருந்தது, பணக்கவலை குறைந்திருந்தது, பிள்ளைகளின் கற்றலில் மாற்றமே இல்லை. இதை அப்படியே அங்கன்வாடிக்குப் பொருத்தக் கூடாது என்பதும் உண்மை. ஓரளவு வசதியான சம்பளத்தை இன்னும் உயர்த்துவது வேறு. மாலையில் தையல் மிஷினில் உட்கார்ந்தால்தான் வீடு ஓடும் என்ற நிலையில் இருப்பவரை அதிலிருந்து எடுப்பது வேறு. நியாயமான கூலி என்பது நியாயத்துக்காகவே கொடுக்க வேண்டியது. ஆனால் கூலியைக் கொடுத்துவிட்டு அதே நெருக்கடியான நாளை அவரிடம் திருப்பிக் கொடுத்தால், கதை சொல்லும் நேரம் எங்கிருந்து வரும்?

இங்கேதான் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். நம்முடைய மையங்களிலேயே நடந்திருந்தும் நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் மாநில அரசோடு சேர்ந்து 640 மையங்களில் நடத்தியது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஆளைப் போட்டார்கள். அரை நாள் வேலை, ஏறக்குறைய அரைச் சம்பளம், முன்பருவக் கல்வி மட்டுமே பொறுப்பு. பதிவேடு கிடையாது, சமையல் கிடையாது, வீடு வீடாகப் போவதும் கிடையாது. அந்தப் பெண்களுக்குக் கொடுத்த பயிற்சியும் குறுகியதுதான்.

கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். என்னை அதிகம் யோசிக்கவைத்தது அடுத்த முடிவுதான். மையத்தில் தொடர்ந்த பிள்ளைகளிடையே வயதுக்கேற்ற உயரம் இல்லாத குறையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்திருந்தன. புதிதாக வந்தவர் உணவுப் பக்கமே போகவில்லையே, எப்படி? பழைய டீச்சருக்குக் கொஞ்சம் நேரம் மிஞ்சியது. அந்த நேரத்தை அவர் சத்துணவு, சுகாதார வேலைகளிலும் நிர்வாக வேலையிலும் போட்டார். ஒருவர் இரண்டு வேலையைப் பாதிப் பாதியாகச் செய்துகொண்டிருந்த இடத்தில், இரண்டு பேர் இரண்டு வேலையையும் முழுசாகச் செய்தார்கள். செலவழித்த பணத்தைப் போலப் பல மடங்கு பலன், அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிச் சம்பாதிக்கும்போது திரும்பி வரும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இதற்கு எவ்வளவு ஆகும்? ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். 54 ஆயிரம் மையங்கள், மையத்துக்கு இன்னொரு ஆள், மாதம் 10,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 648 கோடி. பெரிய தொகைதான். ஆனால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை கொடுக்கும் மாநிலம் இது. அதற்கு ஒரு மாதத்துக்கே ஆயிரம் கோடிக்கு மேல் வேண்டும். அதை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. பணமே இல்லை என்று கைவிரிக்கும் அளவுக்கு இது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, அதை நாம் ஏற்கெனவே ஒரு தடவை மிதித்திருக்கிறோம். 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். முதலில் உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். தொடக்கப் பள்ளிக்குப் பயிற்சி பெற்றவர்களைச் சின்னப் பிள்ளைகளிடம் அனுப்பியது அவர்களுக்குத் தண்டனையாகப் பட்டது, பல இடங்களில் வழக்கு வரை போனது. 2022ல் அந்த ஆசிரியர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வகுப்புகளையே மூடப் போவதாகப் பேச்சு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தற்காலிகச் சிறப்பாசிரியர்களைக் குறைந்த தொகுப்பூதியத்தில் போட்டார்கள். ஆக ஒரே கட்டடத்தில், ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு, மூன்று வருட இடைவெளியில் மூன்று விதமான ஊதியம். கூடுதல் ஆள் என்ற பெயரில் இன்னொரு மலிவான அடுக்கை உண்டாக்கினால் ஆய்வில் வந்த பலன் ஓரிரு வருடத்தில் கரைந்துவிடும். கொஞ்சம் பழகியதும் நல்லவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். புதிதாகச் சேர்ந்த பணியாளருக்கு முன்பெல்லாம் 26 வேலை நாள் பணிப் பயிற்சி உண்டு, அப்புறம் சில வருடங்களுக்கு ஒரு முறை ஐந்து நாள் புத்தாக்கப் பயிற்சி. 2023 மே மாதம் ஒன்றிய அரசு முன்பருவக் கல்விக்கென்று 'போஷன் பீ படாயீ பீ' (ஊட்டமும் உண்டு, படிப்பும் உண்டு) என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தினமும் இரண்டு மணி நேரமாவது கற்பித்தல் நடக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மேற்பார்வையாளர்களுக்கும் அலுவலர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி, அவர்கள் வந்து பணியாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. நோக்கம் நல்லது. ஆனால் மேலிருந்து கீழே இப்படி இறங்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்திவிடும். பிள்ளைகளோடு வேலை செய்தே இராத ஒருவர் இரண்டு நாளில் கேட்டதை, இருபது வருடமாகப் பிள்ளைகளோடு இருக்கும் ஒருவருக்கு ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார். கூடத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோம்பலால் அல்ல, அன்றைய செயலிப் பதிவு பாக்கி இருப்பதால்.

நம்மிடம் பாடத்திட்டம் இல்லாமல் இல்லை. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று தமிழ்நாட்டுக்கென்றே மாதவாரியாகத் தலைப்புகள் வைத்து எழுதியது உண்டு. நல்ல முயற்சி அது. பல மையங்களில் அது பீரோவுக்குள் புத்தம் புதிதாக இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. அதை வெளியே எடுக்கவைப்பது மூன்று நாள் வகுப்பு அல்ல. நன்றாக நடத்தும் ஒரு டீச்சரின் மையத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு அவர் இவருடைய மையத்துக்கு வந்து பார்த்து இரண்டு வார்த்தை சொல்வது, இதுதான் கைகொடுக்கும். அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே மற்ற பதினைந்து பேரை எப்படிக் கதைக்குள் இழுப்பது என்பதை எந்த ஸ்லைடும் சொல்லித்தராது.

இதற்குப் புதிதாக இடமோ நாளோ தேட வேண்டியதும் இல்லை. மாதாந்திரக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது. ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழே இருபது, இருபத்தைந்து மையங்கள் இருக்கும், அவர்கள் எல்லாரும் மாதம் ஒரு நாள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அந்த நாள் முழுவதும் அறிக்கை வாங்குவதிலும் எண்ணைச் சரிபார்ப்பதிலும் போய்விடுகிறது. செயலியில் ஏற்றிய எண்ணையே மறுபடி காகிதத்தில் கேட்பதை நிறுத்தினாலே அரை நாள் மிஞ்சும். அந்த அரை நாள் வருடத்தில் பன்னிரண்டு முறை வந்தால் ஆறு நாள் பயிற்சி ஆகிவிடும், அதுவும் செய்து பார்த்துத் திரும்பி வந்து பேசும் பயிற்சி. ஆனால் மேற்பார்வையாளருக்கே கற்பித்தலைப் பார்த்துத் திருத்தத் தெரிய வேண்டும். ஒன்றிய அரசின் 2022 வழிகாட்டுதல்படி மேற்பார்வையாளர் இடங்களில் பாதியை அனுபவமுள்ள பணியாளர்களுக்குப் பதவி உயர்வாகக் கொடுக்க வேண்டும். நல்ல டீச்சர்களைத் தேர்ந்தெடுத்து அந்த இடத்தில் வைத்தால் பயிற்சிக் குறையில் பெரும்பகுதி அங்கேயே தீரும்.

சம்பளமும் பயிற்சியும் இங்கேதான் ஒன்றோடொன்று முடிச்சுப்போட வேண்டியவை. இன்றைக்கு ஒரு பணியாளர் எவ்வளவு கற்றாலும் அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடாது. வருட உயர்வு பணியில் இருந்த காலத்துக்குக் கிடைக்கிறதே தவிரத் திறமைக்கு இல்லை. பி.எட். முடித்தவரும் பிளஸ் டூ முடித்தவரும் ஒரே படியில் நிற்கிறார்கள். 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையை முழுவதும் ஏற்காதவர்கள்கூட அதில் ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம்: பிளஸ் டூ முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழே படித்தவருக்கு ஒரு வருடப் பட்டயப் படிப்பு. யோசனை சரி. ஆனால் படித்து முடித்தால் என்ன கிடைக்கும் என்பதை அது சொல்லவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சமைத்துப் போட்டுவிட்டு, இரவு பத்து மணிக்குப் போனில் பாடம் பார்க்கும் பெண்ணுக்கு அதன் முடிவில் ஒரு ஊதியப் படி காத்திருக்க வேண்டும். பட்டயம் முடித்தால் அடிப்படை ஊதியத்தில் அடுத்த நிலை என்று ஒரு அரசாணை போட்டால், பயிற்சிக்கு ஆள் பிடிக்க யாரும் அலைய வேண்டியிருக்காது.

உதவியாளர்களை இந்தப் பேச்சில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஊரில் ஆயா என்று கூப்பிடும் அவரோடுதான் பிள்ளைகள் அதிகம் ஒட்டிக்கொள்வார்கள். சோறு ஊட்டுவதும், கால் கழுவிவிடுவதும், தூங்கவைப்பதும் அவர்தான். தூங்கவைக்கும்போது பாடும் பாட்டும் கற்பித்தல்தான். பத்தாவது முடித்துப் பல வருடம் இந்த வேலையைச் செய்த உதவியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொன்ன இரண்டாவது டீச்சர் இடத்தை முதலில் இவர்களுக்குத் திறந்துவிட்டு, படிக்கவும் வழி செய்து, 4,100ல் தொடங்கியவர் 7,700 நிலைக்கு ஏற ஒரு ஏணி போட்டுக் கொடுக்கலாம். வெளியிலிருந்து பட்டதாரியைக் கொண்டுவந்து உட்காரவைப்பதைவிட இது நிலைக்கும் என்பது என் எண்ணம்.

தனியார் பிளே ஸ்கூல் பற்றி ஒரு வரி. கட்டணத்தைப் பார்த்து அங்கே டீச்சருக்கு நிறையச் சம்பளம் என்று நினைக்க வேண்டாம், பல இடங்களில் அங்கன்வாடிப் பணியாளர் வாங்குவதைவிடக் குறைவு. மாநிலத்தில் 2015லேயே விளையாட்டுப் பள்ளிகளுக்கு விதிமுறை வந்துவிட்டது. பரப்பளவும் கழிப்பறையும் பார்க்கப்படும் அளவுக்கு அங்கே வேலை செய்பவரின் ஊதியம் பார்க்கப்படுவதில்லை.

உங்கள் தெரு மையத்துக்கு வருவோம். குறை சொல்வதற்கு முன்னால் அந்த டீச்சரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த ஒரு மையம்தானா, இல்லை பக்கத்து மையத்துக்கும் கூடுதல் பொறுப்பா? உதவியாளர் இடம் நிரம்பியிருக்கிறதா? பல ஊர்களில் பதில் இங்கேயே கிடைத்துவிடும். காலியிடம் என்றால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். கிராமம் என்றால் கிராம சபையில் தீர்மானமாகவே போடச் சொல்லலாம். வருடத்தில் ஆறு முறை கூடுகிறது, பெரும்பாலும் குடிநீரும் சாலையும்தான் பேசுவார்கள். ஆள் முழுசாக இருந்தும் கற்பித்தல் நடக்கவில்லை என்றால், அந்த மாதத்துக்கான 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' தலைப்பு என்ன என்று கேட்டுப் பாருங்கள். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் நீங்களே போய் ஒரு கதை சொல்ல முடியுமா என்றும் கேளுங்கள். பெரும்பாலான டீச்சர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.